ஒளித்து வைத்த எண்

பார்த்தேன் என்று சொல்ல ஒரு விநாடி போதும். பார்க்கவில்லை என்று சொல்லவும் ஒரு விநாடிதான். அப்புறம் எதற்காகத் திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து இந்த இரண்டு சொற்களையும் வாயில் அடக்கிக்கொண்டு அலைகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாயிற்று, மணி ஒன்பது ஐம்பது, பதினோரு மணிக்குப் பெட்டி திறப்பு. பெட்டி என்றால் இரும்புப் பெட்டி ஒன்றும் இல்லை, கணினிக்குள் இருக்கும் ஒரு விடை. ஐந்து வருஷமாக ஆறு பேர் செய்த வேலையின் விடை. அது என்னவென்று எங்களுக்கே தெரியக் கூடாது என்று நாங்களே ஒளித்து வைத்திருக்கிறோம். வெளியே யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். என் மாமனார் ஒரு தடவை கேட்டார், "ஏனுங் மாப்ள, சொந்த வேலைல என்ன வந்துச்சுன்னு நீங்களே பாக்க மாட்டீங்களா?" என்று. மாட்டோம். மனுஷனுக்கு ஆசை இருக்கிறது, விடை இன்னதென்று தெரிந்துவிட்டால் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாயும், சாய்ந்தது தெரியவும் தெரியாது. அதனால் விடையோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி, அந்தக் கலப்படத்தைத்தான் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எல்லாச் சோதனையும் முடிந்து, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று ஆறு பேரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த எண்ணைக் கழிப்பது. கழித்த பின் எது வந்தாலும் அதை அப்படியே அச்சுக்கு அனுப்புவது. கழிப்பதற்கு முன்னால் பிரிசில்லா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பாள், பார்த்தீர்களா என்று. ஒவ்வொருவரும் அவள் முகத்தைப் பார்த்து, பார்க்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கினால் போதாதா என்று மாணவன் நவநீதன் கேட்டான். கை கூசாமல் பொய் எழுதும், வாய்க்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு என்றாள் அவள். இந்த வழக்கம் பேச்சுக்கு வந்தபோது முதலில் கை தூக்கி ஆதரித்தவன் நான். நான் பார்த்துவிட்டேன்.

"உள்ள போங், உள்ள போங், படில நிக்காதீங்" என்று கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்கிறார், மடியில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒரு மோட்டார் பாகம், கிரீஸ் வாசனை. என் சட்டையில் படாமல் அதைத் தன் பக்கமாகவே சாய்த்துப் பிடித்துக்கொள்கிறார், நல்ல மனுஷர். இன்றைக்கு எதற்கு நான் வெள்ளைச் சட்டை போட்டேன்? அலமாரியில் நீலம் இருந்தது, கட்டம் போட்டது இருந்தது, கை நேராக வெள்ளைக்குப் போனது. பெரிய யோக்கியன் என்று காட்டிக்கொள்ளத்தான், வேறென்ன. திங்கட்கிழமை போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, கண் செருக, எங்கள் கணினி நிரலைப் புதுச் சர்வரில் என் பங்குக்கு ஏற்றிச் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரகசிய எண் இருக்கும் கோப்பு பழைய சர்வரில், பிரிசில்லாவின் பூட்டுக்குள் இருக்கிறது. புதுச் சர்வரில் அது கிடையாது. கோப்பு இல்லையென்றால் நிரல் நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், சோதனை ஓட்டத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று, ஒரு சோம்பேறி அதில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான்: கோப்பு கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள். அந்தச் சோம்பேறி நான்தான். பூஜ்யத்தைக் கூட்டினால் எதையும் ஒளித்ததாக ஆகாது. விடை எங்கே விழுகிறது என்று காட்டும் படம் திரையில் வந்தது. வழக்கமாக அந்தக் குன்று போன்ற கோடு எங்கேயோ வலது மூலையில் நிற்கும், கண்ணுக்குப் பழகிப்போன இடம். அன்றைக்கு வேறு இடத்தில் நின்றது. ஒரு மூச்சில் அதிசயம், இரண்டாவது மூச்சில் புரிந்தது, மூன்றாவது மூச்சில் திரையை அணைத்தேன். அந்த மூன்றாவது மூச்சுதான் என் மேல் நான் வைக்கும் குற்றம், இரண்டாவதிலேயே அணைத்திருக்கலாம். எந்த எண்ணில் நின்றது என்று இங்கே, என் மண்டைக்குள்கூட, சொல்லிப் பார்க்க மாட்டேன். பூஜ்யத்தில் இல்லை. அதற்கு மேல் வேண்டாம்.

பூஜ்யத்தில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? இருபது கோடி வருஷத்துக்கு முன்னால் இரண்டு செத்த நட்சத்திரங்கள். ஒவ்வொன்றும் நம் சூரியனைவிடக் கனம், அகலம் மட்டும் காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் தூரம்கூட வராது. ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி, கடைசி இரண்டரை நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான முறை சுற்றி மோதின. அந்தச் சுற்றலில் வெளியே உதறிய அலை, வெளியையே இழுத்துச் சுருக்கிக்கொண்டு, இங்கே பெரிய பல்லிகள் நடமாடிய காலத்திலிருந்து பயணம் செய்து, ஒரு நாள் சாயங்காலம் பூமியைக் கடந்து போனது. கடந்து போகும்போது நாலு கிலோமீட்டர் நீளக் குழாய் ஒன்றை ஒரு புரோட்டானின் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைத்தது, அதையும் சிலர் அளந்துவிட்டார்கள். மனுஷ ஜாதி எவ்வளவு கெட்டது என்று யார் பேசினாலும் எனக்கு அந்தக் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு விஷயத்துக்காக நம் எல்லோரையும் மன்னித்துவிடலாம். சரி, இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை, எங்கள் கேள்வி வேறு. அந்த ஜோடி தனியாகத்தான் இருந்ததா? பக்கத்தில் ஒரு பெரிய கருந்துளை இருந்து ஜோடியையே தன் பக்கம் இழுத்திருந்தால்? இரண்டும் வாயுப் புகைக்குள் மாட்டிக்கொண்டு சுற்றியிருந்தால்? அக்கம்பக்கம் எப்படியோ அப்படி அலையில் ஒரு சின்னப் பிசகு இருக்கும், ஆயிரக்கணக்கான சுற்றில் அரைச் சுற்று முன்னே பின்னே. அந்தப் பிசகின் அளவுதான் நாங்கள் தேடும் விடை, பூஜ்யம் என்றால் ஜோடி தனியாக இருந்தது என்று அர்த்தம். சிந்தாமணி நிறுத்தம் பக்கம் டிரைவர் பிரேக் போட எல்லோரும் ஒரு சேர முன்னால் சரிகிறோம், இதுதான், இதேதான். பஸ் ஒரே சீராக ஓடினால் கண்ணை மூடிக்கொண்டவனுக்கு ஓடுகிறதா நிற்கிறதா தெரியாது. ஜோடி ஒரே வேகத்தில் நகர்ந்தாலும் எங்களுக்குத் தெரியாது, எடை கொஞ்சம் கூடுதல் என்று நினைத்து ஏமாந்துபோவோம். வேகம் மாறினால்தான், யாரோ இழுத்தால்தான், தெரியும். அந்த இழுப்பை இதுவரை யாரும் இதுதான் என்று காட்டியதில்லை. திங்கட்கிழமை தயிர்சாத மயக்கத்தில் நான் பார்த்தது அதுவாக இருக்கலாம். கண்ணால் பார்க்க முடியாத பெரிய ஒன்று அங்கே இருட்டில் நின்றுகொண்டிருக்கிறது என்று, இந்த உலகத்தில், பஸ் படிக்கட்டு வரை தொங்கும் இத்தனை பேரில், என் ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். ஆனந்தமாக இருக்க வேண்டிய விஷயம். நானோ டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிசில்லாவாக இருந்தால் முதல் மூச்சிலேயே கண்ணை மூடியிருப்பாள். இல்லை, அவளுக்கு இப்படி நடந்தேயிருக்காது, கோப்பு இல்லாவிட்டால் பூஜ்யம் என்ற வரியை அவள் எழுத மாட்டாள். குளச்சல் பக்கத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், பத்து வருஷமாக ஒரே வராந்தாவில் எதிரெதிர் அறை. ரகசிய எண்ணை யார் தேர்ந்தெடுப்பது என்று வந்தபோது கணினியைக் கேட்கலாம் என்றோம். கணினி என்ன சொன்னது என்பதை இன்னொருத்தன் திரும்ப வரவழைத்துவிடலாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போன இடத்தில் தாயக்கட்டையை உருட்டி எண்ணை எடுத்துக்கொண்டு வந்தாள். இருபது கோடி ஒளியாண்டுத் தூரத்து விவகாரத்துக்குத் தாயக்கட்டை. அந்த எண் அவளுக்கு மட்டும் தெரியும், அதனால் அவள் எங்கள் படங்களைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மனக்கணக்காகவே கழித்துவிடலாம். நாங்கள் படத்தைப் பார்க்கலாம், எண் தெரியக் கூடாது. ஆக, இரண்டு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமைக் கூட்டத்திலும் திரையில் படம் ஏறும் நேரம் வந்தால், "நான் செவரப் பாத்து இருக்கேன், நீங்க பேசுங்க" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். சுவரைப் பார்த்தபடி வேர்க்கடலை தின்பாள். சுவரைப் பார்த்தபடியே, "அந்த ஜோடியோட பாதை நீள்வட்டமா இருந்தாலும் இதே பிசகு வருமே, அதப் பாத்தாச்சா?" என்று கேட்பாள், நாங்கள் ஐந்து பேர் கண்ணால் பார்த்தும் கேட்காத கேள்வியாக இருக்கும். ஒரு தடவை நவநீதன் மறந்துபோய்ப் படத்தை அச்செடுத்து மேஜையில் வைத்துவிட்டான். அவள் அறைக்குள் வந்தவள், காகிதத்தின் ஓரம் கண்ணில் பட்ட மாத்திரத்தில் அப்படியே திரும்பி வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து, "எடுத்தாச்சுன்னா சொல்லுங்க" என்றாள், கோபமே இல்லாமல். எனக்கு இந்த உலகத்தில் பொறாமை உண்டு, போட்டி உண்டு, எத்தனையோ பேரின் புகழ் எனக்கு எரிச்சல். பிரிசில்லாவிடம் மட்டும் அது வரவே மாட்டேன் என்கிறது. அந்த முதுகைப் பார்த்தே இரண்டு வருஷம் வேலை செய்திருக்கிறேன், இதைவிடச் சுத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த முதுகிடம்தான் இப்போது பொய் சொல்லப்போகிறேனா.

அவளை நினைத்தால் இன்னொரு பெண்ணின் ஞாபகமும் கூடவே வரும். ஸ்கேன் டாக்டர், இதே ஊர் ராமநாதபுரத்தில், எங்கள் மகள் வயிற்றில் இருந்தபோது. ஐந்தாம் மாசம், நான் வெளியே நிற்க முடியாமல் உள்ளே நின்றேன். அறையின் குளிர், ஜெல்லின் வாசனை, திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகெலும்பு முத்து முத்தாக. டாக்டர் கையை ஓரிடத்தில் கொண்டுபோனபோது திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆணா பெண்ணா என்பதைச் சொல்வது சட்டப்படி குற்றம், அது எனக்கும் தெரியும், ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே. "எல்லாம் நல்லாருக்குங்களா, உங்க மொகத்தப் பாத்தாப் பொண்ணுன்னு தோணுதே" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என் மொகத்துல ஒண்ணும் எழுதலீங்க, நீங்க வெளிய இருங்க" என்றார். எனக்கு அப்போது அவமானமாக இருந்தது, பிறகுதான் பிரமிப்பு வந்தது. ஒரு நாளைக்கு முப்பது வயிறு, வருஷத்துக்கு எத்தனை ஆயிரம், எல்லாவற்றிலும் பார்த்துவிட்டு எதையும் காட்டாத முகம். நான் மூன்று மூச்சு பார்த்ததற்கு நாலு நாளாக மனைவி கேட்கிறாள், ஏன் இப்படி இருக்கிறீர்கள், உடம்பு சரியில்லையா என்று. மகள்கூடக் கேட்டுவிட்டாள், அப்பா ஏன் சோத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க என்று. இந்த முகத்தை வைத்துக்கொண்டு பதினோரு மணிக்குப் பிரிசில்லாவின் முன்னால் உட்கார வேண்டும்.

பார்த்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாற்றம் ஏதாவது இருந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு எல்லாம் பூட்டு என்று தேதி வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் எழுந்து, அலைப் பதிவின் ஆரம்பத்தில் ஓர் ஆறு விநாடியை நீக்கிவிடலாம் என்றேன். காரணம் சுத்தமான காரணம். கடல்தாண்டி இருக்கும் இரண்டு கருவிகளில் ஒன்றில் அந்த நேரம் பலமான காற்று, எங்கோ ஒளி சிதறி, தரவில் இரைச்சல் ஏறியிருக்கிறது. படம் போட்டுக் காட்டினேன், யாருக்கும் மறுப்பில்லை. பர்வீன், எங்கள் மாணவி, இந்த வருஷக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள், "நல்ல வேளை சார், பாத்தீங்க" என்றாள். பிரிசில்லா சுவரைப் பார்த்தபடி, "காரணம் செரியாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் நான் பார்த்த குன்றுக்கு ஒரு கால் பூஜ்யத்தின் பக்கம் நீண்டு கிடந்தது. இழுப்பு இருக்கிறது என்று அடித்துச் சொல்ல விடாமல் தடுப்பது அந்தக் கால்தான். ஆரம்பத்து விநாடிகளில்தான் இழுப்பு அதிகம் தெரியும், அங்கேதான் கருவியின் இரைச்சலும் அதிகம். இரைச்சலை நீக்கினால் கால் சுருங்கும். சுருங்குமா என்று நான் ஓட்டிப் பார்க்கவில்லை, சத்தியமாக இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருந்தவனுக்கு ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. அப்படியானால் நான் இரைச்சலுக்காகச் சொன்னேனா, காலுக்காகச் சொன்னேனா? இரைச்சலுக்காகத்தான். என் நோட்டிலேயே ஆதாரம் இருக்கிறது, மார்ச் மாசத்துப் பக்கத்தில், என் கையெழுத்தில், 'ஆரம்ப ஆறு விநாடி, சந்தேகம்' என்று. புதன்கிழமை காலையில் அதைக் கண்டுபிடித்தபோது நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பார்ப்பதற்கு மூன்று மாசம் முன்னாலேயே சந்தேகப்பட்டிருக்கிறேன், நான் குற்றவாளி இல்லை. பிறகு பக்கத்தைப் புரட்டினேன். மார்ச் மாசத்தில் மட்டும் என் சந்தேகங்கள் நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றில் நாற்பத்திரண்டை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலையில் இந்த ஒன்றை மட்டும் எடுத்தது யார்? இந்த இடத்துக்கு வந்து வந்து நின்றுபோகிறேன், இதற்கு மேல் போக வழியே தெரியவில்லை.

பக்கத்துக்காரரின் போன் அடிக்கிறது. "சொல்லுங் அம்மிணி... இல்லீங், நானே கழட்டிப் பாத்துட்டனுங், மோட்டார்ல ஒண்ணுமில்லீங். நீங்க அத வெச்சிருக்கற கல்லுதானுங் ஆடுது. கல்லு ஆடுனா மோட்டார் கத்தத்தான் செய்யும்... மோட்டார மாத்தி என்னங் பண்றது?" அந்த அம்மாள் நம்பவில்லை போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து சொல்கிறார், பொறுமையாக, கல்லைப் பற்றி. எங்கள் ஐந்து வருஷ வேலையை இவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார், சத்தம் மோட்டாருடையதா அது உட்கார்ந்திருக்கும் இடத்துடையதா. எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம், வெள்ளைச் சட்டை பாழாகும். வடவள்ளி வந்துவிட்டது. பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் பயமே. விடை வெளியே வரும், கால் சுருங்கியிருக்கும், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வோம், ஜோடி தனியாக இல்லை என்று உலகத்துக்கு முதலில் சொன்னவர்கள் வரிசையில் என் பெயர். அந்தக் கருந்துளை நிஜமாகவே அங்கே இருந்தாலும் இருக்கலாம். பார்த்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும், விதியை எழுதியவனும் நானே. யாராவது பார்த்துவிட்டால், அதன் பிறகு அவர் எடுத்த முடிவு எதுவும் செல்லாது. கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அதை எழுத வேண்டும். அவர் பெயர் கட்டுரையில் இருக்கக் கூடாது. நல்ல தமிழில், உறுதியான வார்த்தைகளில், அந்த 'அவர்' யாரோ ஒரு திருட்டுப்பயல் என்று நினைத்து எழுதினேன். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான். முதல் நிரலை எழுதியது நான். பத்து வருஷம் கழித்து என் மகள் அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால் அப்பா பெயர் இருக்காது. அது வலிக்கிறது, சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வலிக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் மலைப் பக்கமிருந்து சாரல், சட்டை நனைகிறது. பிரிசில்லாவைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், எல்லார் முன்னாலயும் சொல்லுங்க என்பாள். தனியாகச் சொல்வதற்கு என்று ஒரு வழி அவளிடம் கிடையாது. வாசல் காவலாளி வணக்கம் சொல்கிறார், நானும் சொல்கிறேன்.

அறையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். யாரோ மைசூர்பாகு வாங்கி வந்து மேஜை ஓரத்தில் வைத்திருக்கிறார்கள், திறந்த பிறகு தின்பதற்கு. பிரிசில்லா நேராக எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். "தொடங்கலாமா? நான் முதல்ல. எண்ணு தெரிஞ்சவ நானாக்கும். படம் ஒண்ணும் பாக்கல்லே" என்கிறாள். இரண்டு வருஷத்தை அவ்வளவுதான் சொன்னாள், அதைச் சொல்வதற்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. பிறகு வலது பக்கம் திரும்பி, "பர்வீன், பாத்தியா?" பர்வீன் கொஞ்சம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பாக்கலக்கா." "நவநீதா?" "பாக்கல மேடம்." கூட வேலை செய்யும் கோகிலவாணி, பாக்கலைங்க. சைதன்யா தன் ஆந்திரத் தமிழில் இரண்டு தடவை சொல்கிறான், பாக்கலே, பாக்கலே. ஒவ்வொரு குரலும் எவ்வளவு லேசாக வருகிறது, மடியில் கனமில்லாதவர்களின் குரல், கேட்கவே நன்றாக இருக்கிறது. மேஜை சின்ன மேஜை. "மாதேஷ், பாத்தீங்களா?" அவள் கண் பழுப்பு நிறம், இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். பார்க்கவில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதற்கு ஒரு சத்தம் மட்டும் கொடுத்தால் போதும். "பாத்துட்டனுங்க" என்கிறேன். என் குரல்தான், ஆனால் என் ஊர்க் குரல், கூட்டத்தில் நான் பேசாத குரல். ஆரம்பித்துவிட்ட பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருக்கிறது, வாய் தானாகத் திறக்கிறது, புதுச் சர்வர், பூஜ்யம், அந்தக் குன்று எங்கே நின்றது என்று. பிரிசில்லா உள்ளங்கையை உயர்த்துகிறாள். "எண்ணு சொல்லாதீங்க. ஒரு வார்த்த பேசாதீங்க. மத்தவங்க பாக்கல்லே, அவங்களுக்க கண்ண நீங்க கெடுத்துரக் கூடாது." அதற்கு அப்புறம் இரண்டே கேள்வி. "எப்பம் பாத்தீங்க?" திங்கட்கிழமை. "ஆறு விநாடியச் சொன்னது?" செவ்வாய்க்கிழமை. நாலு நாளாக நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்தை அவள் இரண்டு கேள்வியில் தாண்டிவிட்டாள், என் மனசில் என்ன இருந்தது என்று கேட்கவே இல்லை. "செரி. வெளிய போய் நில்லுங்க. மொகத்தையும் கூடக் கொண்டு போங்க."

வராந்தாவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மலை பாதி மேகத்துக்குள் இருக்கிறது. சொன்ன பிறகு மனசு லேசாகும் என்று யார் சொன்னார்கள், ஆகவில்லை, ஏதோ ஒரு சாமானைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரிதான் இருக்கிறது. கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளாது, எப்போதும் ஒரு விரல் இடைவெளி நிற்கும், உள்ளே பிரிசில்லாவின் குரல் கேட்கிறது. "ஆறு விநாடியத் திரும்பச் சேக்கணும். ஒம்பது மணிக்கூறு ஓடும், ராத்திரி ஆயிரும். இண்ணைக்குத் திறக்கல்லே." நவநீதன் ஏதோ கேட்கிறான், மாதேஷ் சார் பெயர் என்று காதில் விழுகிறது. "விதி எழுதினது அவராக்கும், அவருக்குத் தெரியும்" என்கிறாள். அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடுகிறேன், இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம். "அக்கா." பர்வீனின் குரல். "என்ன மோளே?" "எங்கிட்ட இன்னொரு தடவ கேளுங்க." கைப்பிடிச் சுவரின் ஈரம் உள்ளங்கையில் ஏறுகிறது. எனக்கு அப்போதுதான் உறைக்கிறது, புதுச் சர்வரில் எனக்கு முன்னாலிருந்தே மாணவர்களும் ஓட்டுகிறார்கள், அந்தச் சோம்பேறி எழுதிய வரி அவர்களுக்கும் அதே வரிதான். நாலு நாளாக இந்த உலகத்தில் என் ஒருத்தனுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "பர்வீன், பாத்தியா?" என்று பிரிசில்லா கேட்கிறாள், முதல் தடவை கேட்ட அதே குரலில், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "பாத்தேன்க்கா. போன மாசம்." போன மாசம். ஒரு மாசமாக அந்தப் பெண் இதை வைத்துக்கொண்டு எங்களோடு டீ குடித்திருக்கிறாள், ஆய்வேட்டை எழுதியிருக்கிறாள், வீட்டில் என்ன முகத்தோடு சாப்பிட்டாளோ. "எண்ணு சொல்லாத மோளே. வெளிய போய் அவருகூட நில்லு." கதவு திறக்கிறது. பர்வீன் வந்து, இரண்டு கை தள்ளி, அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "சார்" என்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண் தெரியும், அதைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. வேறு என்ன பேசுவது என்று யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. நானாக இருந்தால், எல்லார் முன்னாலும் ஒரு தடவை இல்லை என்று சொன்ன பிறகு, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தைரியம் எனக்கு வந்தே இருக்காது. அதை அவளிடம் அப்படியே சொல்கிறேன்.